மாடி போட்டோவை அமுக்கியது யார்?

ஒரு லாட்ஜ் முதலாளி தினமும் தன் லாட்ஜிலேயே ரூம் புக் செய்துகொண்டிருந்தால் அவரை என்னவென்று சொல்வீர்கள்?

நான் ஜமால் என்று சொல்வேன். என் பள்ளித் தோழன். ராயபுரத்தைத் தாண்டி டோல்கேட் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிறான். கப்பலில் வேலை கிடைத்து, கப்பல் வரும்வரை காத்திருப்பவர்கள், ஹார்பர் வேலையாக வெளியூரிலிருந்து வருகிறவர்கள் – இவர்கள்தான் அவனுடைய வாடிக்கையாளர்கள். அவர்களும் சமீபமாகக் குறைந்துவிட்டார்கள். அதனால் மழைக்கு முன்பு அவனுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பிழைப்பே அதுதானே... பத்தி எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை.

வெப்சைட் வந்தது. ஆள் வரவில்லை.

சைட்டுக்குள் யாராவது வருகிறார்களா, வந்தால் எதைப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் பின்வாங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டான். முடியும் என்றேன். அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது என் குழப்பம்.

விஷயம் இதுதான். எத்தனை பேர் ஒரு பக்கத்தைத் திறந்தார்கள் என்று எண்ணுவது சுலபம். ஆனால் ஜமாலின் சைட்டில் தேதி, ரூம், போட்டோ, கடைசியில் 'புக் செய்' – எல்லாமே ஒரே பக்கத்தில். உள்ளே வந்தவர் எதைத் தொட்டார் என்று தெரியவேண்டுமென்றால், ஒவ்வொரு பட்டனுக்கும் தனியாக ஒரு வரி புரோகிராம் எழுத வேண்டும். அமுக்கினால் ரிப்போர்ட்டில் பதிவாகும். இதற்கு 'ஈவென்ட் டிராக்கிங்' என்று பெயர்.

ஈவென்ட் என்றதும் கல்யாணமா, பர்த்டேவா என்று கேட்டான் ஜமால். பட்டனை அமுக்குவதெல்லாம் ஒரு ஈவென்ட்டா என்று அவனுக்குச் சந்தேகம். யோசித்துப் பார்த்தால், எனக்கும்தான்.

முதல் வார ரிப்போர்ட் அமோகம். 'புக் செய்' பட்டனை யாரோ அமுக்கித் தள்ளியிருந்தார்கள். ஆனால் பெயர், போன் நம்பர் எதுவும் கொடுக்கவில்லை. இத்தனை ஆசையாக வந்து ஏன் வாசலிலேயே திரும்பிப் போகிறார்கள்? பட்டனின் நிறத்தை மாற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். மறுநாள் இன்னும் அதிகமாக அமுக்கியிருந்தார்கள்... ரூம் மட்டும் காலி.

நேரில் போய் விசாரித்தபோது ஜமால் அமைதியாகச் சொன்னான். "நீதான மாமு சொன்ன, அமுக்கினா ரிப்போர்ட்ல வுழும்னு. வுழுதான்னு அமுக்கிப் பாத்துகினு இருந்தேன்."

அவனுடைய கம்ப்யூட்டரைக் கணக்கிலிருந்து விலக்கினேன். ரிப்போர்ட் மொட்டையாகிவிட்டது. அந்த மொட்டையில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. யாரோ ஒருவர் வருகிறார். ரூம் பார்ப்பதில்லை, தேதி கேட்பதில்லை. லாட்ஜின் மொட்டைமாடி போட்டோவை மட்டும் அமுக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். போய்விடுகிறார். மறுபடி வருகிறார்... மறுபடி மாடி.

இந்த ரிப்போர்ட்டில் ஆளின் பெயர் வராது. ஊரின் பெயர் வரும். ஷார்ஜா என்று வந்திருந்தது.

அதைப் படித்துச் சொன்னதும் ஜமாலின் முகம் மாறிவிட்டது. ஏனென்று எனக்குத் தெரியும். அவனுடைய தம்பி ரபீக் ஷார்ஜாவில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிறான். சில வருஷங்களுக்கு முன் அவர்களுடைய அத்தா, அதாவது அப்பா, சாகக் கிடந்தபோது ரபீக்குக்கு லீவு கிடைக்கவில்லை. மண்ணைப் போடக்கூட வர முடியவில்லை. அன்றைக்கு போனில் ஜமால் சொன்னது, "இனிமே நீ எனக்குத் தம்பி இல்ல." அதோடு பேச்சு நின்றது. நான் இரண்டு முறை சமாதானம் பேசப்போய், இரண்டு முறையும் டீ மட்டும் குடித்துவிட்டு வந்தவன்.

அந்த மாடி அத்தாவின் இடம். சாயங்காலமானால் ஹார்பர் கிரேன்களைப் பார்த்தபடி அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

அவசரப்படாதே என்றேன். நம் ராயபுரத்துக்காரர்களே ஷார்ஜாவில் ஒரு தெருவுக்கு இருப்பார்கள், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று தொழில்முறையில் எச்சரித்தேன். ஜமால் கேட்கவில்லை.

"ரூம வுட்டுட்டு வேற எவன் மாமு அந்த மாடிய பாப்பான்?"

நியாயமான கேள்விதான். உங்களிடம் பதில் இருந்திருக்குமா?

வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்து வந்தவன், என்னை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போன் போட்டான். தைரியத்துக்காக ஸ்பீக்கரில். ரபீக் எடுத்தான். அண்ணன் குரல் என்று தெரிந்ததும், வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டான் – பாவம்.

யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஜமால் விஷயத்துக்கு வந்தான். "நம்ம மாடி போட்டோவப் பாத்துகினே கீறியாமே?"

"எந்த போட்டோண்ணே?"

ஜமால் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

லாட்ஜுக்கு வெப்சைட் இருப்பதே ரபீக்குக்குத் தெரியாதாம். அவன் இருக்கும் தொழிலாளர் கேம்ப்பில் கம்ப்யூட்டரும் கிடையாதாம். ஈவென்ட், டிராக்கிங், என் ஒவ்வொரு வரி புரோகிராம் – எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷனைத் தப்பான கதவைத் தட்டவைத்துவிட்டது. ஜமால் போனை வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

வைக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எனக்கே தெரியாத ஒன்றைச் சொன்னான்.

"அத்தா கடைசில உன்னதான் கேட்டுகினு இருந்தாரு. நான்தான் உன்னாண்ட சொல்லல."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். இந்தப் பக்கம் ஜமால் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் நான் இருக்கக் கூடாது என்று தோன்றியது. கீழே இறங்கிப்போய் டீ சொன்னேன். குடித்து முடித்து, பேப்பர் படித்து, இன்னொரு டீயும் குடித்துவிட்டு ஏறி வந்தேன். இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். வெப்சைட் அட்ரஸை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான் ஜமால். நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிட்டான். நான் திருத்தவில்லை.

போன வாரம் ரபீக் லீவில் வந்துவிட்டான். ஏர்போர்ட்டிலிருந்து நேரே அத்தாவை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்குப் போய் துஆ செய்துவிட்டு, அப்புறம்தான் லாட்ஜுக்கு வந்தான். இப்போது சாயங்காலத்தில் அண்ணனும் தம்பியும் மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அத்தாவைப் போலவே கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரபீக் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். எதற்கு நன்றி என்று எனக்குப் புரியவில்லை. நான் கண்டுபிடித்துச் சொன்னது தப்பு. அந்தத் தப்பால் நடந்தது சரி. இதை எந்த ரிப்போர்ட்டில், எந்தப் பட்டனின் கீழே எழுதுவது?

இத்தனைக்கும் குழப்பம் தீரவில்லை. ரபீக் இங்கே மாடியில் உட்கார்ந்திருக்கிறான். நேற்று ரிப்போர்ட்டைத் திறந்தால், ஷார்ஜாவிலிருந்து மாடி போட்டோவை மறுபடியும் அமுக்கியிருக்கிறார்கள்!

ஐயா, நீங்கள் யாராக இருந்தாலும் சரி... ஒரு நடை நேரில் வாருங்கள், ரூம் காலியாகத்தான் இருக்கிறது.