ஏழு பேர் போய்ப் பார்த்த அறை

செலீனைப் புகழ்ந்து பேசினால் அவளுக்குப் பிடிக்காது. எல்லாரும் செய்கிறதுதானே என்று கதையை வெட்டிவிடுவாள். எல்லாரும் செய்கிறதில்லை. ரொறன்ரோவுக்கு வந்த எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். அதைக் குறையென்று சொல்ல எவருக்கும் வாயில்லை. 1993ஆம் ஆண்டு ஆவணி மாதக் கடைசியில் செலீனும் அந்த விளிம்பில்தான் நின்றாள்.

மன்னாரில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, பரீட்சை முடிவு வருமுன்னரே படகேறியவள் அவள். ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் அண்ணன் அமிர்தநாதர் வீட்டில் இரண்டு வருடம் இருந்தாள். விடியற்காலையில் டோனட் கடையில் வேலை, பின்னேரம் ஆங்கில வகுப்பு, இடையில் அண்ணனின் இரண்டு பிள்ளைகளையும் பள்ளியால் கூட்டிவருவது. இத்தனைக்கும் நடுவில் எப்போது படித்தாளோ, நகர மத்தியில் இருந்த ஒரு கல்லூரியில் மருத்துவ ஆய்வுகூடப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்து, நாளுக்கு இரண்டு தரம் எடுத்துப் பார்த்தாள்.

சிக்கல் வீடுதான். காலை எட்டு மணி வகுப்புக்கு விட்பியிலிருந்து பஸ், ரயில், சப்வே என்று மூன்று மாறிப் போகவேண்டும். பனிக்காலத்தில் பாதி நாள் வகுப்பு முடிந்த பிறகுதான் போய்ச் சேருவாள். கல்லூரிக்குக் கிட்ட ஒரு அறை வேண்டும். அமிர்தநாதர் மூன்று நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கல்யாணமாகாத தங்கச்சியை வெளியில் விடுவது அவருக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல வீடாக அமைந்தால் படிப்பு. அமையாவிட்டால் திங்கட்கிழமை ஏஜாக்ஸில் பெட்டி செய்கிற தொழிற்சாலை; அங்கே ஃபோர்மனோடு பேசி வைத்துவிட்டார்.

வீடு பார்க்கப் புறப்பட்டார்கள். இங்கேதான் நம்முடைய ஆட்களின் புத்தி வேலை செய்தது. ஒரு பெண் குடியிருக்கப் போகிற இடத்தை அவள் மட்டும் போய்ப் பார்ப்பதா? அமிர்தநாதர் தன் வான் வண்டியை எடுத்தார். அவர் மனைவி ஜோசப்பின், சமைக்கிற குசினி எப்படி என்று பார்க்க வந்தாள். பிள்ளைகள் இரண்டையும் விட்டுவர இடமில்லை. வெக்ஸ்போர்ட்டில் சொந்த வீடு வாங்கியவர் என்ற தகுதியில் அண்ணனின் நண்பர் குலசிங்கம் வந்தார். அவர் வந்தால் அவர் மனைவி தவமணியும் வராமல் இருப்பாளா? செலீனோடு சேர்த்து ஏழு பேர். பெண் பார்க்கப் போகிற பகட்டோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் இறங்கினார்கள்.

இறங்கினால் சும்மாவும் நிற்கவில்லை. குலசிங்கம் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், வெந்நீர்த் தாங்கிக்கு எத்தனை வயது என்று விசாரித்தார். ஜோசப்பினோ, வீட்டுக்காரரின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, எங்களுக்கு எந்தத் தட்டு என்று கேட்டாள். தவமணி பின்வளவைப் பார்த்து, வெயில் விழுகிறது, மிளகாய்க் கன்று வைக்கலாம் என்று அபிப்பிராயம் சொன்னாள். வாடகைக்கு விடப்பட்டது பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அறை நேற்றே போய்விட்டது, மன்னிக்கவேண்டும் என்பார். மறு நாளும் அதே விளம்பரம் கல்லூரிப் பலகையில் அப்படியே இருக்கும்.

ஐந்து வீடு இப்படிப் போனது. நிறத்தைப் பார்த்துத்தான் கதவைச் சாத்துகிறார்கள் என்றார் அமிர்தநாதர். அதுவும் பொய்யில்லை. இரண்டு வீடுகளில் அந்த முகச்சுளிப்பை செலீனே கண்டாள். ஆறாவது வீட்டுக்காரர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. சிரித்த முகத்தோடுதான் கதவைத் திறந்தார். பிறகு வாசலில் நின்றவர்களை அவர் பார்வை ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு போனது, உதடு மெல்ல அசைந்தது. எண்ணுகிறார் என்று செலீனுக்குப் பிடிபட்டது. ஏழில் வந்து நின்றதும் சிரிப்பு காணாமல் போயிற்று.

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அடக்கமாட்டாமல் சிரிப்பும் வந்தது. பாவம் அந்த மனுஷன், பத்தடி அறைக்குள் ஏழு பேரும் மிளகாய்க் கன்றும் குடிவரப் போவதாக அல்லவா நினைத்திருப்பார்.

திரும்பும் வழியில் வானுக்குள் அதை மெல்ல எடுத்தாள். இனி நான் தனியப் போய்ப் பார்க்கிறேன் என்றாள். ஜோசப்பின் திரும்பிப் பார்த்தாள். குலசிங்கம் தொண்டையைச் செருமினார். அமிர்தநாதர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"தனியப் போனா உனக்கு ஆக்கள் இல்லையெண்டு நினைப்பினம், பிள்ளை," என்றார்.

"ஆக்கள் கூடிப்போச்சு எண்டுதான் அண்ணை அவை கதவைச் சாத்துகினம்."

அமிர்தநாதருக்குச் சுட்டுவிட்டது. இரவு வேலை முடித்து நித்திரையில்லாமல் வண்டி ஓட்டியவர் அவர். தங்கச்சியை நாதியற்றவள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு திரிந்தார். செலீனுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே சொன்னாள் பாருங்கள், அதற்குத்தான் துணிச்சல் வேண்டும். கடல் கடந்து வருவதைவிட அது கடினமென்று அவளே பிற்பாடு ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை அமிர்தநாதர் எழும்புமுன் ஜோசப்பினிடம் மட்டும் சொல்லிவிட்டு ரயிலேறினாள். கல்லூரி விளம்பரப் பலகையில் கிழித்த ஒரு துண்டு கையில் இருந்தது. டன்டாஸ் வீதியின் மேற்குப் பகுதியில் ஒரு பழைய செங்கல் வீடு. ஹலீனா என்ற போலந்துக்காரக் கிழவி கதவைத் திறந்தார். எட்டிப் பார்த்து, வேறு எவரும் இல்லையா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். இல்லை, நான் மட்டும்தான் என்றாள் செலீன். உள்ளே வரச் சொன்னார்.

அறை மேல்மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, மேப்பிள் மரத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். சுவரில் மாதா படம்கூட இருந்தது. செலீனுக்குச் சுவரைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மேசையில் தன் புத்தகங்கள் இருப்பதை மனதுக்குள் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான், அது கிடைக்காமல் போனால் தாங்காது என்று பயம் பிடித்துக்கொண்டது.

குசினிக்குக் கூட்டிப்போய் இருத்தி ஹலீனா விசாரணையைத் தொடங்கினார். சிகரெட் பிடிப்பாயா? இல்லை. பாட்டுச் சத்தம்? இல்லை. கடைசியில், இந்த நகரத்தில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். போன வருடம் இருந்த பிள்ளைக்கு நள்ளிரவில் வயிற்றுவலி வந்துவிட்டதாம். யாருக்கு அறிவிப்பதென்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் விடியும் வரை தான் ஒருத்தியாக இருந்து அழுதாராம். ஆட்கள் இல்லாத பிள்ளையை இனி வைத்திருக்க மாட்டேன், என் நெஞ்சு தாங்காது என்றார்.

செலீன் திகைத்துப்போனாள். ஏழு பேராகப் போனபோது ஆட்கள் கூடிப்போனார்கள். தனியே வந்தால் ஆட்கள் எங்கே என்று கேட்கிறார்கள். அண்ணன் இருக்கிறார் என்றாள். கிழவி சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியைக் காட்டினார்.

செலீன் எண்களை அழுத்தினாள். அண்ணனைக் கேட்காமல் வந்தவள், அண்ணனின் வாயால்தான் இப்போது அறை கிடைக்கவேண்டும். அவர் கோபத்தில் ஒரு சொல் சொன்னால் போதும், திங்கட்கிழமை பெட்டி ஒட்டவேண்டியதுதான். மறுமுனையில் ஜோசப்பின்தான் எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள். செலீன் ஒரே மூச்சில் நடந்ததைச் சொன்னாள். மறுபக்கத்தில் சத்தமே இல்லை. அவள் இரண்டு தரம் "அண்ணை" என்றாள். ஹலீனாவுக்குப் பொறுமை போய், வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

அமிர்தநாதர் தொலைபேசியில் எப்போதும் கத்தித்தான் பேசுவார். குசினி முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். அது என்னுடைய தங்கச்சி. நல்ல பிள்ளை. எந்த நேரத்திலும் எடுங்கள், நான் வருவேன். பிறகு கொஞ்சம் நிறுத்தினார். அவள் ஒருத்தி மட்டும்தான், மேடம். நாங்கள் ஒருவரும் வரமாட்டோம்.

அந்தக் கடைசி வசனம் செலீனின் நெஞ்சில் வந்து குத்தியது. அவ்வளவு பெரிய மனுஷன், முன்பின் தெரியாத ஒரு கிழவியிடம் தன்னையும் தன் வீட்டையும் கழித்துவிட்டு நிற்கிறார். அவள் படிக்கவேண்டும் என்பதற்காக. ஹலீனா தலையாட்டி, அறைக் கதவின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

செலீன் திறப்பைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய என்னுடைய ஆட்கள் என்னைப் பார்க்க வரலாமா, ஆறு பேர் என்று கேட்டாள். அறை கையைவிட்டுப் போனாலும் போகட்டும் என்றுதான் கேட்டாள். கிழவி குசினியைச் சுற்றிப் பார்த்து, உட்கார என்னிடம் நாலு கதிரைதான் இருக்கிறது என்றார்.

செலீன் தொலைபேசியை வாங்கினாள். அண்ணன் இன்னும் வைக்கவில்லை.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள். "இரண்டு கதிரையும் கொண்டுவாங்கோ."