நாச்சிமுத்து கேட்ட வெள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் ஒரு கலர் கார்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அதன் பிரேக் காலிப்பருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். காலிப்பர் என்பது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடி. இப்போதைய சக்கரங்கள் கம்பி கம்பியாக இருப்பதால் இடைவெளியில் அது வெளியே தெரிகிறது. தெரிகிற பொருள் என்றால் அதற்கும் ஒரு நிறம் வேண்டும்தானே.

"அப்பா, செவப்பா, மஞ்சளாங்க? நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்."

இந்த மரியாதைக்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பனியன் துணிக்கு ஷேடு பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். பழக்கதோஷத்தில் கார்டை எடுத்துக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குப் போனேன். எங்கள் ஊரில் நிறம் பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். டியூப் லைட் வெளிச்சத்தில் அண்ணன் தம்பியாக இருந்த இரண்டு நீலங்கள், வெளியே வந்ததும் பங்காளிகளாகிவிடும். அதனால் காலை பத்து மணி வாக்கில், வடக்கு வாசலில் நின்றுதான் சரி என்று சொல்வோம். ஒருமுறை சேலைக்கடையில், வடக்கு எந்தப் பக்கம் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என் மனைவி என்னைச் சேலை எடுக்கக் கூட்டிப் போனதில்லை.

கார்டில் பன்னிரண்டு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தேன்.

"வெள்ளை அடி."

"வெள்ளையா? ரெண்டே நாள்ல அழுக்குத் தெரியும்ப்பா."

கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை நான் முன்பு ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொரு வயது. ஊசி, பெல்ட், மெஷின் எண்ணெய், பெயிண்ட், சுண்ணாம்பு எல்லாம் என் சாவிக்குள். பத்தடிக்கு எட்டடி அறைதான். ஆனால் அதற்குள் நான் ஒரு கலெக்டர். டப்பாக்கள் உயர வரிசையில் நிற்க வேண்டும், லேபிள் முன்னால் பார்த்திருக்க வேண்டும். இரவல் வாங்கிய ஸ்பேனரை ஒருவர் இடம் மாற்றி வைத்தால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது. டைரி எழுதும் வழக்கமும் அப்போது தொடங்கியதுதான். என்ன எழுதினேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மழை, வந்த சரக்கு, போன சரக்கு, மத்தியானம் என்ன குழம்பு.

அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டென்றால், அது எண்ணெய்க் கறை. வெள்ளை பனியன் துணி. நிட்டிங் மெஷினிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் போதும், செக்கிங் மேஜையில் இருக்கும் பெண்கள் சாக்பீஸால் வட்டம் போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அதனால் எண்ணெய் என்றாலே துடை, மறை என்பதுதான் எங்களுக்குள் ஊறிய பாடம். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மெஷின்களின் காலுக்கும் உடம்புக்கும் சாக்லேட் கலர் பெயிண்ட் அடிப்போம். அதில் எவ்வளவு எண்ணெய் வழிந்தாலும் தெரியாது. வெளியூரிலிருந்து வியாபாரி வந்து பார்த்தால் மெஷின் புதுசு மாதிரி இருக்கும். மிஞ்சிய பெயிண்ட் ஸ்டூலுக்கு, பெஞ்சுக்கு, சைக்கிள் ஸ்டேண்டுக்கு, வாளிக்கு என்று போகும். பூஜை நாளில் எங்கள் கம்பெனியே சாக்லேட்டில் முக்கி எடுத்தது போல இருக்கும்.

இதில் காரும் சேர்ந்தது அந்த வருடம்தான். முதலாளி செகண்ட் ஹேண்டில் ஒரு கறுப்புக் கார் வாங்கியிருந்தார். டிரைவர் நாச்சிமுத்து அண்ணன். அவருக்கு நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, காக்கிப் பேண்ட், தோளில் ஒரு துண்டு. சட்டை எப்போதும் சலவை மடிப்புக் கலையாமல் இருக்கும். ஆனால் பேண்டின் இடது முழங்காலில் மட்டும் தினமும் வட்டமாக ஒரு மண் கறை. என் கண்ணுக்கு அது பட்டுக்கொண்டே இருந்தது.

"அண்ணா, தினமும் எந்தக் கோயில்ல மண்டி போடறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நம்ம கோயிலுக்கு நாலு சன்னதிங்க தம்பி. நாலு சக்கரத்துக்கும் மண்டி போட்டாத்தான் சாமி நம்மளக் கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்றார்.

அவர் ஏழு மணிக்கே வந்து, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து, பின்பக்கம் பார்ப்பாராம். அந்தக் காலக் கார்களில் பிரேக் ஒரு டிரம்முக்குள் இருக்கும். டிரம்முக்குப் பின்னால் வட்டமாக ஒரு தகடு. பிரேக் ஆயில் கசிந்தால் அந்தத் தகட்டில்தான் வழியும். ஆயில் போய்விட்டால் பிரேக் இல்லை. ஆயில் டப்பாவின் அளவை வெள்ளிக்கிழமை பார்ப்பார். தகட்டைத் தினமும் பார்ப்பார்.

பூஜைக்கு நாலு நாள் முன்பு அவர் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, சக்கரத்துக்குப் பின்னால தகடெல்லாம் துருப் புடிச்சுக் கெடக்குதுங்க. அடிச்சர்லாம்னு மொதலாளி சொல்லீட்டாரு. ஒரு கால் லிட்டரு வெள்ளை குடுங்க."

"வெள்ளை செக்கிங் மேஜைக்கு எடுத்து வெச்சிருக்கேன் அண்ணா. சாக்லேட் இருக்குது, தாராளமா எடுத்துக்குங்க."

"சாக்லேட்டு வேண்டாமுங்க. வெள்ளைன்னா எண்ணெய் பட்டாக் கண்ணுக்குத் தெரியும்."

"அதுக்குத்தாண்ணா வேண்டாங்கறேன். எண்ணெய் தெரிஞ்சா அசிங்கமால்ல இருக்கும்? ரெண்டு நாள்ல அழுக்காப் போயிரும்."

அவர் சிரித்துவிட்டார். "மொதலாளி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டீங்கறாரே!" என்று பக்கத்தில் ஊசி வாங்க நின்றவர்களிடம் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டோர் என்றால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? முதலாளியிடமே போய்க் கேட்டேன். அவர் தறிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். "கலரெல்லாம் என்னையெதுக்கப்பா கேக்கற? நீயே பாத்துக் குடு" என்றார்.

பார்த்துக் கொடுத்தேன். அரை லிட்டர் சாக்லேட். அதிகமாகவே கொடுத்தேன் என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பூஜையன்று கார் வாழைக்கன்றும் சந்தனமுமாக நின்றது. குனிந்து பார்த்தேன். நாலு தகடும் மெஷின் காலோடு பொருந்துகிற அதே நிறம். பொரி கடலையைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்குது அண்ணா?" என்றேன்.

"மெஷினுக்குப் பொறந்த புள்ளையாட்ட இருக்குதுங்க" என்றார்.

பிறகு ஐந்து வாரங்கள் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை முதலாளியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, நொய்யல் பாலத்துக்கு இறங்கும் சரிவில் போய்க்கொண்டிருந்தார். பிரேக் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. எதிரே வேலைக்குக் கிளம்பிய பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை ஓரத்திலிருந்த மணல் குவியலில் ஏற்றிவிட்டார். பெண்கள் ஒருவர் மீதும் படவில்லை. முதலாளிக்கு நெற்றியில் மூன்று தையல். நாச்சிமுத்து அண்ணனுக்கு ஸ்டீயரிங்கில் அடிபட்டு வலது மணிக்கட்டு ஒடிந்தது.

காரைக் கட்டி இழுத்துவந்து கம்பெனி முற்றத்தில் விட்டார்கள். மெக்கானிக் முன்பக்கச் சக்கரத்தைக் கழற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். அவர் தகட்டை விரலால் தடவி என்னிடம் காட்டினார். ஆயில் ஓடிய தடத்தில் பெயிண்ட் லேசாக இளகிச் சுருங்கியிருந்தது. தடவினால்தான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை.

"மூணு நாலு நாளாக் கசிஞ்சிருக்குதுங்க. இந்தக் கலர்ல எவன் கண்ணுக்குத் தெரியும்? எந்தப் புண்ணியவான் அடிச்சானோ" என்றார்.

அவர் கழற்றிப் போட்ட நட்டுகளை நான் பொறுக்கி வரிசையாக அடுக்கி வைத்தேன்.

மறுநாள் முதலாளி நெற்றிக் கட்டோடு வந்து உட்கார்ந்தார். அவர் கெட்டவர் அல்ல. பயந்திருந்தார். கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக்கொண்டு நாச்சிமுத்து அண்ணன் எதிரே நின்றார்.

"காத்தால சக்கரம் பாத்தயா இல்லையா?"

"பாத்தனுங்க. ஒண்ணும் தெரியலீங்க."

"பாத்தாத் தெரியாம எங்க போகும்? படுத்துத் தூங்கிட்டுப் பாத்தேன்னு சொல்றயா?" பிறகு ஸ்டோர் வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, நீ சொல்லு. தினமும் பாக்கறானா இவன்?"

நான் சொன்ன பதில் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

"நான் ஒம்பது மணிக்குத்தான் வருவனுங்க. காத்தால நடக்கறது எனக்குத் தெரியாதுங்க."

அது பொய் அல்ல. நான் ஒன்பது மணிக்குத்தான் வருவேன். ஏழு மணிக்கு அவர் முழங்காலிட்டதை ஒரு நாளும் பார்த்ததில்லை. மிகச் சரியான பதில். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக வேறெப்போதும் பேசியதில்லை.

வேலை போயிற்று. ஒரு வாரம் கழித்து அவர் தன் சாமான்களை எடுக்க வந்தார். சீட் குஷன், துண்டு, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் படம். இடது கையால் எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு ஸ்டோர் வாசலுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, நான் தினமும் பாத்தது உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியும் அண்ணா."

"மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க. வேலைக்காவ இல்லீங்க. சக்கரம் பாக்காத டிரைவருன்னு பேராயிருச்சுன்னா, கை சேந்தாலும் வேறொருத்தரு சாவி குடுக்கமாட்டாங்க."

"கட்டாயம் சொல்றேன் அண்ணா."

வெள்ளையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லி வாதாடியிருப்பேன்.

சொல்லத்தான் நினைத்தேன். முதலாளியின் தையல் பிரிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு நூல் விலை ஏறி அவர் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். பிறகு தைப்பூசம் வந்தது. பிறகு புது டிரைவர் வந்துவிட்டார். ஒரு வார்த்தையைத் தள்ளிப்போட எத்தனை நல்ல காரணங்கள் கிடைக்கின்றன என்பது ஆச்சரியம். நாச்சிமுத்து அண்ணன் இரண்டு மூன்று கம்பெனிகளில் கேட்டுப் பார்த்துவிட்டு, உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தேங்காய்க் களத்தில் காவல் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை என்றும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு, செக்கிங் மேஜைக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளையைத் திறந்தேன். முந்தின வருடம் நேரமில்லாமல் மேஜைக்கு அடிக்காமலே விட்டிருந்தோம். மூடி சரியாக இறுகாமல், மேலே தடித்த ஏடு கட்டி, உள்ளே கல்லாகியிருந்தது. லேபிள் மட்டும் முன்னால் பார்த்தபடி, சுத்தமாக இருந்தது.

அந்த வருடத்து டைரி இன்னும் என்னிடம் இருக்கிறது. மகன் கார்டைக் கொண்டுவந்த அன்று எடுத்துப் பார்த்தேன். 'கார் சக்கரத் தகடு, சாக்லேட், அரை லிட்டர். மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு' என்று அழகான கையெழுத்தில் இருக்கிறது. அவர் வெள்ளை கேட்டார் என்று இல்லை. விபத்து நடந்த நாளில் மழை இல்லை என்றுகூட எழுதியிருக்கிறேன்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். இதற்கு முன்பு நான் வேறு ஒருவரிடமும் சொன்னதில்லை. அவன் கார்டை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் மெதுவாக, "இப்பல்லாம் ஆயில் கொறைஞ்சா உள்ளயே லைட் எரியும்ப்பா. குனிஞ்சு பாக்க வேண்டியதில்ல" என்றான். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னான். சிவப்பே அடிக்கச் சொல்லிவிட்டேன்.

முதலாளி போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. பாடையைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன்; அப்போதும் அந்த வார்த்தை என் வாயில்தான் இருந்தது. நாச்சிமுத்து அண்ணன் அவருக்கும் முன்பே போய்விட்டார். யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ஒரு குடோன். அந்த மணல் குவியல் இருந்த ஓரம் பாலத்தை அகலப்படுத்தியபோது ரோட்டுக்குள் போய்விட்டது. சொல்ல வேண்டிய வார்த்தை மட்டும் இருக்கிறது. வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை.

ஏழு மணிக்கு நடந்தது எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். ஆனால் ஒன்பது மணிக்கு ஸ்டோரைத் திறக்கும்போது, எதிரே நிற்கும் அவருடைய காக்கிப் பேண்டின் இடது முழங்காலில் அந்த மண் வட்டம் இருக்கும். விபத்து நடந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இருந்தது. துணியில் ஒரு சொட்டுக் கறையைக்கூடத் தவறவிடாதவன் நான். அதைப் பார்த்தேன்.