இன்னொரு தடவை கேட்பார்கள் என்று

என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுபவர், ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலை பார்த்தார். தோப்புக் கிணற்று மோட்டார் ஒருநாள் காணாமல் போனது. முதலாளி இவர் மேல் புகார் கொடுத்துவிட்டார். மோட்டார் போன அன்றைக்கு இவர் ஆயக்குடியில் ஒரு காதுகுத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். இவர் கையால் சாம்பார் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஜாமீன் எடுத்துத் தந்த வக்கீல் சென்னைக்குக் குடிபோய்விட்டார். வேறு வக்கீல் பார்க்கலாம் என்றாள் மனைவி. நான்தான் குறுக்கே விழுந்தேன். வீட்டில் சட்டப் புத்தகம் படித்த ஆள் நான் ஒருவன்தான், அதுவும் பாதிதான். வக்கீல் இல்லாதவருக்கு அரசே தன் செலவில் வைத்துத் தர வேண்டும், அது தர்மமல்ல, உரிமை என்று சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணி நேரம் முழங்கினேன். ரசம் ஆறிப்போனது. மாப்பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நீதிபதியே கேட்பார், பணிவாகப் பதில் சொல்லுங்கள்.

அந்தப் பணிவு என் உபயம்.

முதலாளி சாட்சி சொல்ல வந்த நாளில் மாப்பிள்ளை சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார். நீதிபதி அம்மா நல்லவர். முகம் பார்த்தே கேட்டார்.

"உங்களுக்கு வக்கீல் இல்லையே. அரசு செலவுல ஒருத்தர நியமிக்கட்டுமா?"

"இருக்கட்டுங்கம்மா. உங்களுக்கெதுக்குங்க செரமம்."

எங்கள் ஆட்கள் யாரும் முதல் தடவை கேட்டதும் காபியைக் கையில் வாங்கியதில்லை. வேண்டாம் என்பார்கள். வீட்டுக்காரர் வற்புறுத்துவார். மறுபடியும் வேண்டாம். மூன்றாவது தடவையில்தான் டம்ளர் கை மாறும். மாப்பிள்ளை முதல் 'வேண்டாம்' சொல்லிவிட்டு, அடுத்த உபசரிப்புக்காக முகம் மலர நின்றுகொண்டிருந்தார். நீதிபதி தலையசைத்தார். மறுத்ததாகப் பதிவாகிவிட்டது.

நான் எழுந்தேன். கோர்ட் ஊழியர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். உரிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவன், ஒரு விரலசைவில் உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை மோட்டாரை வண்டியில் ஏற்றியதைத் தன் கண்ணால் பார்த்ததாக முதலாளி சொன்னார். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் நீதிபதி. காதுகுத்தைப் பற்றிக் கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஏனுங்க, உங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலைங்களா?"

தேவலை என்றார் முதலாளி. அது பதிவாகவில்லை.

வெளியே வந்ததும், வக்கீலை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"நா எங்கங்க மாமா வேணாம்னேன்? இன்னொரு தடவ கேப்பாங்கல்லங்க."

பிறகு ஓடிப்போய் இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். முதலாளியை மறுபடி விசாரிக்க மனுப் போட்டார். கொடுத்த வாய்ப்பை வேண்டாமென்றவர் இப்போது கேட்க முடியாது என்று தள்ளுபடி ஆனது. காதுகுத்துக்கு நானே சாட்சி சொன்னேன். சொந்தக்காரன் சாட்சி எடுபடவில்லை. ஓராண்டு சிறை.

தீர்ப்பை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட் தமிழில் 'எதிரி' என்று பெயர். வழக்கறிஞர் வேண்டாமென எதிரி தாமாகவே தெரிவித்தார் என்ற இடத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"அவங்கிட்ட எத்தன தடவ கேட்டாங்க?"

ஒரு தடவை என்றேன்.

அவள் தம்பியின் துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, சட்டம் என்ன சொல்கிறதென்றால் என்று ஆரம்பித்தேன்.

"நீங்க செத்த நேரம் பேசாம இருங்க" என்றாள்.