செவுத்துக்குள்ள போறது எது

பழங்காநத்தத்தில் இருக்கும் எங்கள் வீடு என் மாமனார் கட்டியது. மழைக்கு ஒழுகும். அடுப்படியில் பகலிலும் லைட் போட வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் கணவர் ஒருவழியாகப் புதுப்பிக்கச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வேலை தொடங்கிய பிறகுதான் கேள்விகள் வர ஆரம்பித்தன.

குழாய் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கொத்தனார் கேட்பார். சுவிட்ச் போர்டு எம்புட்டு உயரத்தில் வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கேட்பார். ஜன்னல் கம்பிக்கு டிசைன் படங்கள் போனில் வந்துகொண்டே இருக்கும். பைபாஸ் ரோட்டு டைல்ஸ் கடையில் எனக்குத் தலை சுற்றியது. சந்தன நிறத்திலேயே ஒரு சுவர் நிறைய வைத்திருந்தார்கள். "நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். மறுநாளும் அதையே சொல்வேன்.

ஒரு சாயங்காலம் என் மகள், "அம்மா, தேங்காச் சட்னியா, தக்காளிச் சட்னியா?" என்று கேட்டாள். அதைக்கூட என்னால் முடிவு பண்ண முடியவில்லை. மாவுப் பாத்திரத்தின் முன்னால் நின்று அழுதுவிட்டேன். பயந்துபோன பிள்ளை தன் அத்தைக்குப் போன் போட்டாள்.

என் கணவரின் அக்காவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். செல்லூரில் சொந்தமாகத் தறிக்கூடம் வைத்து நடத்துகிறவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம். விடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிட்டார். ஏன் அழுதாய் என்று கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மணல் குவியலைத் தாண்டி உள்ளே போனார்.

"அண்ணே, இன்னைக்கு இவகிட்ட கேக்க வேண்டியதுல செவுத்துக்குள்ள போறது எது?" என்று கொத்தனாரிடம் கேட்டார்.

"குழாயும் வயரும்தாம்மா. அப்பறம் பாத்ரூம் தரை வாட்டம், தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு."

மதினி என் பக்கம் திரும்பினார். "அத மட்டும் நீ உக்காந்து யோசி ஆத்தா. பூசி மூடிட்டா ஒடச்சாத்தான் மாத்த முடியும். பெயிண்டு, பூட்டு, வெளக்கு எல்லாம் பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். அதுக்கெல்லாம் தூக்கத்தக் கெடுக்காத."

இனி ஆளாளுக்கு நினைத்தபோது கேட்கக் கூடாது, சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் மொத்தமாகக் கேட்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னார். கொத்தனார் முனகினார். அப்புறம் அவரே எலக்ட்ரீஷியனை, "பொறுய்யா, சாயங்காலம் கேப்போம்" என்று அடக்கினார்.

டைல்ஸ் கடைக்கும் கூட வந்தார். "வழுக்காததா மூணு எடுத்து வைங்க. நாலாவதக் கண்ணுல காட்டாதீக" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தார். நான் ஒன்றைத் தொட்டேன். அவ்வளவுதான், வேலை முடிந்தது. திரும்பும்போது சொன்னார்: "சேலைக்குக் கலர் பாக்குறப்பவும் எனக்கு அப்பிடித்தான். நெறையப் பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத் தெரியும்."

அவரும் தவறினார். பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதை நான் ஊரில் இல்லாத அன்று அவரே சொல்லியிருந்தார். மாட்டிப் பார்த்தால் கதவு வாஷ்பேசினில் இடித்தது. நானாக இருந்தால் அந்த வாரம் முழுக்க மனசுக்குள் புலம்பியிருப்பேன். மதினி கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். "நான் சொன்னதுதான் தப்பு. கழட்டித் திருப்பி மாட்டுங்கண்ணே" என்றார். டீ வந்ததும் குடித்தார். அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கிருந்த பயம் மரியாதையாக மாறியது என்று நினைக்கிறேன்.

அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. வெளிச்சமும் வரும், பிள்ளைகள் முகத்தையும் பார்க்கலாம். அது கூரையைத் தாங்காத சுவர்தான், எடுக்கலாம் என்று இன்ஜினியரும் பார்த்துச் சொல்லிவிட்டார். மதினியிடம் கேட்டேன். "எனக்குப் பிடிக்கலத்தா. வாரவுக போறவுக எல்லாம் அழுக்குப் பாத்திரத்தப் பாப்பாக" என்றார். வீடியோ காலில் வந்த என் கணவரும் வேண்டாம் என்றார். தாளிக்கிற புகை ஹாலுக்கு வரும், சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று பேசிக்கொண்டே போனார். நான் விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டேன்.

மதினி என் கையிலிருந்து போனை வாங்கினார். "தம்பி, எனக்கும் பிடிக்கலதான். ஆனா தெனமும் அங்கன நின்னு சமைக்கிறது நீயுமில்ல, நானுமில்ல. அவ யோசிச்சுத்தான் சொல்றா. செவுத்த எடுக்கட்டும்."

தனக்குப் பிடிக்காத ஒன்றுக்காக, உடன்பிறந்த தம்பியிடம் எனக்காகப் பேசினார். மறுநாள் சுவரை இடித்தார்கள். அந்தத் தூசிக்குள்ளேயே வெளிச்சம் அடுப்படி வரைக்கும் வந்து விழுந்தது.

என் கணவர் சொன்னது பொய்யில்லை. மீன் வறுத்தால் ஹால் முழுக்க மணக்கிறது, ஜன்னலை எல்லாம் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. லீவில் வந்திருந்தபோது அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்து, வறுக்க வறுக்க எடுத்துச் சாப்பிட்டார்.

வேலை முடிந்து பால் காய்ச்சிய அன்று உறவுக்காரப் பெண் ஒருவர் மதினியிடம், "ஆம்பள இல்லாத நேரத்துல நீங்கதான் எல்லாத்தையும் முடிவு பண்ணீகளாமே" என்றார்.

"நான் கதவ மட்டும்தான் முடிவு பண்ணேன். அதையும் திருப்பி மாட்ட வேண்டியதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, மதினி அவருக்குப் பால் டம்ளரை நீட்டினார்.