எச்சில் சோதனை

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் ஒரு கடலை மில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அங்கே இரண்டு பருவம் வேலை பார்த்தேன். அந்த இடத்தை நினைத்தால் கடலை வாசனை வருவதில்லை. எச்சில் நாற்றம்தான் வருகிறது.

மிஷினில் உடைந்து வரும் பருப்பிலிருந்து சொத்தையையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி எடுப்பது பெண்களின் வேலை. எடை கூட வேண்டும் என்று வியாபாரிகள் மூட்டைக்குத் தண்ணீர் தெளித்து அனுப்புவார்கள். அந்த ஈரத்தில் பூத்த பூஞ்சை, மிஷினில் அடிபட்டதும் பழுப்புப் புகையாகக் கிளம்பும். காற்று வந்தால் கடலை ஓட்டின் தூள் பருப்பில் விழும் என்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார்கள். நாங்கள் வாயில் துணி கட்டவும் கூடாது. துணிக்குள் பருப்பை மென்று தின்போம் என்பது முதலாளியின் சந்தேகம்.

மாலையில் வாசலருகே வரிசையில் நிற்க வேண்டும். மேஸ்திரி ஓர் அலுமினியத் தட்டை நீட்டுவார். ஒவ்வொருத்தியும் அதில் துப்ப வேண்டும். வேப்பங்குச்சியால் அதைக் கிளறிப் பார்ப்பார். வெள்ளைத் துணுக்கு தெரிந்தால் அவள் தின்றவள்; மறுநாள் வேலை கிடையாது. பார்த்து முடித்ததும் தட்டைப் பக்கத்துத் தொட்டியில் கவிழ்த்து உதறுவார். கழுவுவதில்லை. அந்த உதறலில் எங்கள் மேலும் நாலு துளி தெறிக்கும். வீட்டுக்குப் போய்க் களி உருண்டையைக் கையில் எடுத்தால் எனக்குக் குமட்டும்.

என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கியவள் வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரி. கணவனை இழந்தவள். இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் கூலிதான் சோறு. இரண்டாம் பருவத்தில் அவளுக்கு மூச்சிளைப்பு கண்டது. ஒரு நாள் இருமி இருமி முறத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மேஸ்திரி வந்து நின்றார்.

“ஏம்மா, கடலை மேலயே இருமிக்கினு இருந்தா எவன் வாங்குவான்? நாளையில இருந்து வராத.”

“அண்ணா, வாய்க்குத் துணி கட்டிக்கிறேன். இருமல் வராது.”

“துணிக்குள்ள செக்கு ஓட்டலாம்னு பாக்குறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

“சாயங்காலம் மொதல் ஆளா நானே துப்பிக் காட்டுறேன்ணா. ஒரு துணுக்கு தெரிஞ்சா செருப்பால அடிங்க.”

“சரி, ஒரு நாளு பாக்கலாம்” என்று மேஸ்திரி நகர்ந்தார்.

மறுநாள் பழைய சேலைக் கிழிசலை நனைத்து, இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் இருமல் குறைந்தது. துணியின் வெளிப்பக்கம் சேறு பூசியதுபோல் ஆகியிருந்தது.

மாலையில் சொன்னபடியே முதலில் துப்பினாள். மேஸ்திரி கிளறினார். வெள்ளைத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. பழுப்பும் இல்லை. எச்சில் தெளிந்து கிடந்தது.

“இத்தினி வருசத்துல எவ எச்சிலும் இப்படி இருந்து நான் பாத்ததில்ல. தின்னுட்டு வாயக் கொப்பளிச்சிருக்கற.”

“ஐயோ, இல்லண்ணா! தூசி உள்ள போவல, அவ்ளோதான்.”

அவள் கழுத்தில் தொங்கிய துணியை நான் பிரித்துக் காட்டினேன். “இதப் பாருங்கண்ணா. எங்க வாய்க்குள்ள போறதெல்லாம் இதுல ஒட்டிக்கினு இருக்குது.”

“நீ இன்னா இவளுக்கு வக்கீலா? தின்னதுல பங்கு குடுத்தாளா?”

அடுத்தவளைத் துப்பச் சொன்னார். பழுப்பாக விழுந்தது. தட்டை எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“பாத்துக்கங்க. இது வேலை செஞ்சவ எச்சில்.”

வேப்பனப்பள்ளிக்காரி மேஸ்திரியின் காலருகே குனிந்துவிட்டாள்.

“துணி வேணாம்ணா. கட்டவே மாட்டேன். நாளைக்கு நானும் அது மாதிரியே துப்புறேன்.”

“இன்னும் ஒரு நாளு, அவ்ளோதான்” என்றார் மேஸ்திரி.

மறுநாள் மிஷினுக்கு மிக அருகில் போய் உட்கார்ந்தாள். இருமல் வந்தபோதெல்லாம் உதட்டைக் கடித்து அடக்கினாள். மற்ற நேரமெல்லாம் வாயைத் திறந்தே வைத்துக்கொண்டு பொறுக்கினாள். மாலையில் அவள் துப்பியது எங்கள் எல்லோருடையதையும்விடக் கறுத்திருந்தது. மேஸ்திரி குச்சியைத் தொடவே இல்லை.

“ஆங், இப்படி இருக்கணும். நாளைக்கு வா.”

சாலைக்கு வந்ததும் முதல் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றுவிட்டாள். மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று.