சோஹாரிலிருந்து வந்த ஐந்து வரிகள்

ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில்தான் அவளை முதலில் பார்த்தேன். குழந்தை வேண்டிச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் உட்காரும் அறை அது. பெரும்பாலும் கணவனும் மனைவியுமாகத்தான் வருவார்கள். தனியாக வந்து உட்கார்ந்திருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும். என் கணவருக்கு ஓமானில், சோஹார் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கும் வேலை. நான் அஜ்மானில் ஃப்ளாட் எடுத்துத் தங்கி, துபாயில் ஒரு கார்கோ ஆபீசுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். அவள் ஜப்பான்காரி. என் வயதுதான், நாற்பதை ஒட்டி இருக்கும். அவள் கணவர் எஞ்சினியர். எந்நேரமும் சைட்டில் இருப்பவர்.

அவள் மடியில் ஒரு புத்தகம் விரிந்திருந்தது. எழுத்துகள் தனித்தனியாக நிற்காமல், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கின. நான் பார்ப்பதைக் கவனித்து அவளே சிரித்தாள். எங்கள் இருவரின் ஆங்கிலமும் சுமார்தான். அதனாலேயே கூச்சமில்லாமல் பேச முடிந்தது. அந்தப் பேச்சைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"இது எங்கள் அரண்மனைப் பெண்கள் எழுதின எழுத்து. ஆயிரம் வருஷத்துப் பழசு. கல்லூரியில் இதைத்தான் படித்தேன். படித்து முடித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பாலைவனத்துக்கு வந்துவிட்டேன்" என்றாள்.

அந்தக் காலத்தில் அங்கே ஆண்கள் படிப்பையும் அரசாங்க வேலையையும் சீன மொழியில் வைத்துக்கொண்டார்களாம். பெண்களுக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். பெண்கள் பேசுகிற மொழியையே இந்த வளைந்த எழுத்தில் எழுத ஆரம்பித்தார்கள். கடைசியில் இன்றுவரை உலகம் தேடிப் படிப்பது பெரும்பாலும் அவர்கள் எழுதியதைத்தான். சொல்லும்போது தன் சொந்தக்காரிகள் ஜெயித்ததுபோல அவள் முகம் மலர்ந்தது.

அடுத்தடுத்த தடவைகளில் இருவரும் ஒரே நாளில் டாக்டரைப் பார்க்கும்படி நாங்களே நேரம் கேட்டு வாங்கிக்கொண்டோம். ரத்தம் எடுக்கக் காத்திருக்கும்போதும், ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருக்கும்போதும் அவள் ஏதாவது சொல்வாள். ஒருநாள் நாட்குறிப்புகள் பற்றிச் சொன்னாள். நாட்குறிப்பு என்றால் அன்றன்றைக்கு எழுதியது இல்லையாம். வாழ்ந்து முடித்த பிறகு, வருஷங்கள் கழித்து, எது மனதில் தங்கியதோ அதை மட்டும் எடுத்து எழுதுவது. நடுநடுவே கவிதை வரும். எழுதியவர்களில் பலரின் சொந்தப் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அப்பாவின் பதவியையோ அண்ணனின் பதவியையோ வைத்துத்தான் அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"என்னையும் எங்கள் பில்டிங்கில் 'சோஹார்காரர் வீட்டம்மா' என்றுதான் சொல்வார்கள். வாட்ச்மேனுக்கு என் பேர் தெரியாது" என்றேன்.

"அப்படியானால் நீயும் ஒரு நாட்குறிப்பு எழுதலாம்" என்றாள் அவள், ரொம்ப சீரியசாக.

இன்னொரு நாள் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அரண்மனைக் காலத்தில் கணவனும் மனைவியும் பெரும்பாலும் ஒரே வீட்டில் வாழவில்லையாம். அவள் தன் வீட்டில் இருப்பாள். அவன் பொழுது சாய்ந்த பிறகு வருவான், விடியுமுன் கிளம்பிவிடுவான். ஆனால் வீடு திரும்பியதும் அன்று காலையிலேயே அவளுக்கு ஒரு கவிதை அனுப்பியாக வேண்டும். ஐந்து வரி. ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று அசைகளை எண்ணி எழுத வேண்டும். நல்ல காகிதத்தில் எழுதி, அந்தப் பருவத்தில் பூத்த ஒரு கிளையில் கட்டி ஆள் மூலம் அனுப்புவான். கவிதை வரத் தாமதமானால் இவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். வந்துவிட்டால், அவன் எழுதியதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தன் பதிலில் வைத்து அனுப்புவாள்.

நான் சிரித்துவிட்டேன். என் கணவரும் அப்படித்தானே? வியாழக்கிழமை டூட்டி முடிந்து, பார்டர் தாண்டி, இருட்டிய பிறகு அஜ்மான் வருவார். ஞாயிறு விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கவிதைதான் கிடையாது. சோஹார் போய்ச் சேர்ந்ததும் வாட்ஸப்பில் ஒரே சொல் வரும்: 'ரீச்ட்'.

அந்த வாரம் சாப்பிடும்போது அவரிடம் இதைச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் தூத்துக்குடிதான் ஊர். அவர் பேச்சில் அது இன்னும் அப்படியே இருக்கும்.

"கவிதையா? நானா? ஷிப்ட் ரிப்போர்ட் எழுதவே எனக்கு வேர்த்துக் கொட்டும். சும்மா கெட."

"மந்திரியெல்லாம் எழுதியிருக்காங்களாம்."

"மந்திரி கையில கிரீஸ் கெடையாதுல்லா."

ஆனாலும் நான் விடவில்லை. அவளும் நானும் தமிழில் அசையை எப்படி எண்ணுவது என்று சண்டை போட்டதைச் சொன்னேன். அவள் மொழியில் 'ன்' என்ற ஒலியையும் ஒன்றாக எண்ணுவார்களாம். நம் புலவர்கள் சில பாட்டுகளில் புள்ளி வைத்த எழுத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் நானும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போனார். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அப்போது எங்களுக்குள் பேச்சு குறைந்துபோயிருந்தது. சண்டை எதுவும் இல்லை. ஒவ்வொரு தடவை சிகிச்சை தோற்கும்போதும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். அப்படியே மற்றதையும் பேசாமல் இருக்கப் பழகிவிட்டோம். 'சாப்டாச்சா', 'தூங்கியாச்சா' என்று போனில் கேட்டுக்கொள்வோம். பிறகு இரண்டு பக்கமும் ஏசி ஓடும் சத்தம்தான் கேட்கும்.

கடைசித் தடவை கரு தங்கியது. ஸ்கேனில் இதயம் துடிப்பதைப் பார்த்தேன். அவரும் லீவு போட்டு வந்து பார்த்தார். திரும்பும்போது காரை அப்படி மெதுவாக ஓட்டினார், பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். சில வாரங்கள் கழித்து அந்தத் துடிப்பு நின்றுபோனது.

செய்தி கேட்டு அவர் ஓடி வந்தார். இடியாப்பம் வாங்கி வந்து எனக்குப் பிட்டு வைத்தார். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றி மாட்டினார். பால்கனிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். அவர் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனுக்கு ஒன்றுமே இல்லையா என்று நெஞ்சு எரிந்தது. ஞாயிறு விடியுமுன் என் தலையில் கை வைத்துவிட்டு, "மருந்த மறந்துராத" என்று சொல்லிக் கிளம்பினார். ஜன்னலோரம் நின்றேன். கீழே வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது.

வழக்கமான நேரத்துக்கு 'ரீச்ட்' வரவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் போன் ஒலித்தது. தமிழில் ஐந்து வரிகள் இருந்தன.

எல்லைச் சாவடி
வேறு யார் காரில் என்றான்
மாஃபி என்றேன் நான்
சொல்லி முடிக்கும் முன்னே
பின் சீட்டைப் பார்த்துக்கொண்டேன்

மாஃபி என்றால் அரபியில் 'இல்லை' என்று அர்த்தம். இங்கே வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்ளும் சொல் அது. அதை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று குரலோடு கேட்டது. கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுகை அடங்கியதும், என்ன பைத்தியமோ, விரல் விட்டு எண்ணினேன். புள்ளி எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் ஒரு வரிகூடப் பிசகவில்லை. ரசம் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

பதிலுக்கு அவருடைய சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுதினேன்.

நீங்கள் பார்த்ததை
நானும்தான் பார்த்திருந்தேன்
ஜன்னல் ஓரமாய்
வண்டி திரும்பும் வரை
அந்தப் பின் சீட்டை மட்டும்

உடனே கூப்பிட்டார்.

"ஏட்டி."

"ம்."

"அழுதியா?"

"நீங்க?"

"பார்டர் கழிஞ்சு, ஷினாஸ் ஊரத் தாண்டி வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். அங்கன வச்சுதான் எழுதுனேன். அழுதுகிட்டே வெரல் விட்டு எண்ணுதேன், பாத்துக்க. கிறுக்கன் மாதிரி. ஒரு ஓமானிப் பெரியவர் வந்து கண்ணாடியத் தட்டி, எஞ்சின் போச்சான்னு கேக்காரு."

அழுகையோடு சிரித்தோம். அன்று அவர் டூட்டிக்குப் போகவில்லை. எங்களுக்கு நடந்த எல்லாவற்றையும், முதல் தடவையிலிருந்து, மத்தியானம்வரை போனில் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு அத்தனையும் நினைவிருந்தது. ஸ்கேன் ரூமில் நான் போட்டிருந்த சுடிதாரின் நிறம்கூட.

அந்த ஜப்பான் தோழியிடம் மட்டும் ஒரு மாதமாகப் பேச்சில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. துக்க வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அஜ்மானுக்கே வந்து கதவைத் தட்டினாள். கையில் ஒரு வேப்பங்கொத்து. எங்கள் தெருவில் பூத்திருந்த மரத்திலிருந்து ஒடித்திருக்கிறாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"எனக்குத் தங்கியிருக்கிறது. மூன்று மாதம். உன்னிடம் சொல்லாமல் இருந்தால் அது பொய். சொன்னால் அது கொடுமை. எதைச் செய்வதென்று தெரியவில்லை" என்றாள்.

எனக்கு உள்ளே ஏதோ சுருக்கென்று குத்தியது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னாலேயே என் கை அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. "மசக்கையா? ஏதாவது சாப்பிட முடிகிறதா?" என்று கேட்டேன். முடியவில்லை என்றாள். எலுமிச்சை ஊறுகாயும் தயிர்சாதமும் போட்டேன். இரண்டு தட்டு சாப்பிட்டாள். அவள் சாப்பிடும்போதே என் கணவர் எழுதியதைக் காட்டி, வரிவரியாக அர்த்தம் சொன்னேன். கடைசி வரிக்கு வந்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து வணங்கினாள். எனக்கு இல்லை, போனுக்கு.

"எங்கள் அரண்மனைக் கவிதைகளில் 'துக்கமாக இருக்கிறேன்' என்று நேராகச் சொல்வது குறைவு. சட்டைக் கை நனைந்தது என்று மட்டும் சொல்வார்கள். இவர் சீட்டைப் பார்த்தேன் என்கிறார். உன் கணவருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கும்" என்றாள்.

அவரிடம் சொன்னேன். "விசா எடுத்துத் தருவாங்களாமா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் சிகிச்சைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அவரோடு சோஹாரிலேயே இருப்பதென்று கார்கோ ஆபீஸ் வேலையையும் விட்டேன். ஒரே வீட்டில் இருந்துவிட்டால் காலையில் கவிதை அனுப்ப வழியில்லையே என்று அவர் கிண்டல் செய்தார். ஆனால் பெட்டிகளை அவர்தான் முதலில் கட்ட ஆரம்பித்தார்.

அவளுக்குப் பெண் குழந்தை. பார்க்கப் போனபோது என் மடியில்தான் நெடுநேரம் தூங்கியது. குழந்தைக்குத் தலை நிற்கத் தொடங்கிய சமயம் அவர்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். கிளம்புமுன் ஒரு பழைய நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது சோஹாரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபீசில் எனக்கு வேலை. சாயங்காலம் அவர் சமையலறையில் மீன் கழுவும்போது நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த நாட்குறிப்பில் சில பக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பேன். எழுதியவளின் கணவன் ஒழுங்காக வருவதில்லை. என் கணவருக்கு அவன்மேல் பயங்கரக் கோபம்.

நேற்று அவன் வெகுநாள் கழித்துக் கதவைத் தட்டும் இடத்தில் போன் வந்து, நிறுத்திவிட்டேன். பேசி முடித்து வந்தால் அவர் கையில் செதிலோடு நிற்கிறார்.

"கதவத் தொறந்தாளா, இல்லையா?"

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. மீன அடுப்புல போடுங்க, படிக்கேன்."

"நீ மொதல்ல படி. மீன் எங்க போவப் போவுது?"