வாசிக்கப்படாத ஓலை

அசரியாவின் கையில் கொடுத்த பொருள் திரும்பி வராது என்பது தாம்பரத்தில் அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். குடை, சாவி, சீசன் டிக்கெட் எல்லாம் சில்லறை விஷயம். மாமனாரின் பல்செட்டைப் பழுது பார்க்க வாங்கிக்கொண்டு போனவர், அதை மின்சார ரயிலிலேயே விட்டுவிட்டு வந்தார். பாவம், அந்தப் பெரிய மனிதர் புது செட் வரும்வரை கஞ்சியோடு காலம் தள்ளினார். ஆரம்பசூரத்தனத்துக்கும் குறைவில்லை. வாசலில் பாதி கட்டிய கோழிக்கூடு, மாடியில் பாதி அடித்த சுண்ணாம்பு, மேஜைமேல் பாதி கழற்றிய ரேடியோ.

வயது நாற்பதைத் தாண்டுவதற்குள் பல கம்பெனி மாறி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். மெஷின் திடீரென்று நின்றுவிட்டால் அவரை விட்டால் ஆள் கிடையாது. மெஷின் ஒழுங்காக ஓடுகிற நாட்களில் மெமோ வாங்கவும் அவரை விட்டால் ஆள் கிடையாது. மனைவி பியூலா பள்ளிக்கூட டீச்சர். வகுப்பில் பிள்ளைகளைத் திட்டாமல் அடக்கிவைத்ததை எல்லாம் வீட்டுக்கு வந்து இவர்மேல் கொட்டுவாள். இவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். கேட்டுக்கொண்டே இருக்கும்போது எழுந்துபோய் ஃபேனைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரை யாரும் குறை சொன்னதில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு தங்கை தபீதாளை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். சின்ன வயதில் அவள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். அவள் மணிக்கட்டைச் சிவந்துபோகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போவார். எதை மறந்தாலும் அவளை மறந்ததில்லை.

அந்தத் தபீதாளுக்குத் தொண்ணூற்றாறாம் வருடம் கல்யாணம் கூடிவந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை, முப்பதைத் தாண்டிய வயது. வந்த வரன் எல்லாம் தட்டிப்போய்க் கடைசியில் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்துக்காரர் தனசிங் அமைந்தார். வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவர்கள் சபையில் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஞாயிறு ஆராதனையில் போதகர் அறிவிப்பதற்குத்தான் அந்தப் பெயர். மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் தாலி. அந்த அறிவிப்பைப் பெண் வீட்டுப் பெரியவர் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் கையாலேயே போதகரிடம் கொடுக்க வேண்டும். தபீதாளின் கல்யாணத்துக்கு முன்னால் சரியாக மூன்று ஞாயிறுதான் இருந்தது. அதில் ஒன்று தவறினால் லெந்து நாட்கள் வந்துவிடும். அந்த உபவாச காலம் முடிந்து ஈஸ்டர் வரும்வரை ஆலயத்தில் கல்யாணம் கிடையாது.

முதல் ஞாயிறன்று முன்வரிசை முழுக்கப் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா ஏசுபாதம், ஓலையைக் கேட்பதற்கென்றே ஊரிலிருந்து ராத்திரி ரயிலேறி வந்திருந்தார். போதகர் தேவானந்தம் வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். காகிதத்தை மடித்தார். அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

அசரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, எங்க ஓலை?"

பாட்டுக்கு எழுந்த சபை அப்படியே நின்றது. "எந்த ஓலை, அசரியா? என்கிட்ட யாரும் கொடுக்கலையே" என்றார் போதகர்.

"கொடுத்தேனே! வெள்ளிக்கிழமை சாயந்தரம் உங்க கையிலதான் கொடுத்தேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டுப் படிச்சுப் பாத்தீங்களே!"

பெண்கள் பக்கத்திலிருந்து "ஐயையோ" என்று ஒரு குரல் கேட்டது. ஆராதனை நடுவில், பீடத்துக்கு முன்னால், போதகரைப் பொய்யர் என்று ஒருவர் சொல்லிக் கேட்டதே கிடையாது. பியூலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தபீதாள் மட்டும் அண்ணனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மத்தியானம் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து. யாருக்குச் சாப்பாடு இறங்கும்? அசரியா மட்டும் "சத்தியமா கொடுத்தேன்" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த தெரு ஏகநாதன் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்.

"சார், மிக்ஸி சும்மா ஜோரா ஓடுது சார். வெள்ளிக்கெழம வந்து ரிப்பேர் பண்ணிட்டு இந்தப் பேப்பர எங்க வூட்லயே வுட்டுட்டுப் போய்ட்டியே. பின்னாடி ஒயரிங் படம் போட்டுக்கீற. முன்னாடி இன்னாமோ கல்யாணம்னு கீது, அதான் எட்தாந்தேன்."

அதே ஓலை. ஒரு பக்கம் தபீதாள், தனசிங் பேர்கள். மறுபக்கம் மிக்ஸி மோட்டாரின் படம், அவர் கையாலேயே போட்டது.

ஏசுபாதம் இலையை மூடிவிட்டு எழுந்தார். "பிடிக்கலன்னா நேரா சொல்லிருக்கலாம்லா? தங்கச்சி சம்பளம் வீட்டுக்கு வேணும்னா அதையும் சொல்லிருக்கலாம். இப்படியா சபைக்கு முன்னால வச்சு எங்கள அவமானப்படுத்துவாவ?" மாப்பிள்ளை தனசிங் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா கையமர்த்தினார். "ஈஸ்டர் கழிஞ்சு வார முதல் ஞாயிறு. அன்னைக்கும் வாசிக்கலன்னா எங்க வழிய நாங்க பாத்துக்கிடுதோம்."

அவர்கள் போன பிறகு தபீதாள் கேட்டாள். "நான் இந்த வீட்ட விட்டுப் போறது உங்களுக்குப் பிடிக்கலையாண்ணா?"

அசரியா கையிலிருந்த ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு முன்னால் போதகர் இன்னும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டுதான் இருந்தார். கொடுத்த நினைவு இருக்கிறது. கொடுக்காத காகிதம் கையில் இருக்கிறது. இரண்டில் எதை நம்புவது? தன் தலைக்குள் யாரோ புகுந்து விளையாடுகிறார்கள் என்று தோன்றியதும், வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குத் தன்னைக் கண்டே பயம் வந்தது.

சாயந்தரம் போதகரே வீடு தேடி வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பியூலா நடுங்கினாள். அவரோ அசரியாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "நீங்க பொய் சொல்லல. உங்க முகத்தப் பாத்தேன். கொடுத்ததா நம்பித்தான் சொன்னீங்க. அதான் எனக்குக் கவலையா இருக்கு. தலையில ஏதாவது கட்டி கிட்டி இருக்கப்போகுது, ஒரு டாக்டரப் பாத்துடுங்க."

தலையை ஸ்கேன் எடுத்ததில் கட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அங்கிருந்து மனநல டாக்டர் ரத்தினபாயிடம் அனுப்பினார்கள். வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, ரயில்வே ஸ்டேஷனுக்கு மேற்கே கிளினிக் வைத்திருந்த அம்மா. 'பைத்தியக்கார டாக்டரிடமா?' என்று பியூலா அழுதாள். உள்ளே கூப்பிடுவதற்குள் அசரியா வெயிட்டிங் ரூமில் ஆடிக்கொண்டிருந்த ஸ்விட்ச் போர்டைக் கழற்றி வைத்திருந்தார். டாக்டர் அதைப் பார்த்தார்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்டார். பியூலாவைத் தனியாகக் கேட்டார். மறுபடி வரச்சொல்லிக் கேட்டார். கடைசியில் சொன்னார்.

"இது மறதி வியாதி இல்ல. ஏ.டி.ஹெச்.டி.ன்னு பேரு. கவனம் நிக்க வேண்டிய இடத்துல நிக்காது, வேற எங்கயாவது போய் ஒட்டிக்கும். சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் வரும்னு இருந்தாங்க. பெரியவங்களுக்கும் இருக்கும்னு இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. உங்களுக்கு இது பிறந்ததுலேர்ந்தே இருக்கு."

"அப்ப நான் ஓலையக் கொடுத்தது?"

"கொடுக்கணும்னு மனசுக்குள்ள நூறு தடவை ஓட்டிப் பாத்திருப்பீங்க. வழியில மிக்ஸி கிடைச்சுது. மனசு, ஓட்டிப் பாத்ததையே செஞ்சு முடிச்சதா எடுத்துக்கிச்சு."

சோம்பேறி, பொறுப்பில்லாதவன், திமிர் பிடித்தவன் என்று அசரியாவுக்கு ஆளாளுக்கு வைத்த பேர்கள் எத்தனை! வாத்தியாரின் பிரம்பு, அப்பாவின் பெல்ட், அதிகாரிகளின் மெமோ. எல்லாம் சரிதான் என்றல்லவா அவரும் நினைத்திருந்தார்? சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

பியூலாவுக்குத்தான் அதிர்ச்சி அதிகம். கிளினிக்கின் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இத்தன வருஷமா நான் யாரங்க திட்டிக்கிட்டு இருந்தேன்?" என்றாள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த வியாதிக்கென்று உள்ள மருந்து இங்கே சுலபமாகக் கிடைக்காது என்று சொல்லி, டாக்டர் வேறொரு மாத்திரையைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார். அதைவிட அவர் அழுத்திச் சொன்னது வேறு. கையில் வந்த வேலை கையிலிருந்தே முடிய வேண்டும், பாக்கெட்டுக்குள் போனால் போச்சு. முக்கியமான காரியத்துக்குத் தனியாகப் போகக்கூடாது. முடித்ததை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும். பியூலா கதவுப்பக்கம் ஆணியடித்துச் சாவியை மாட்டினாள். அலாரம் அடிக்கிற கைக்கடிகாரம் வந்தது. அது அடிக்கும்போதெல்லாம் எதற்காக அடிக்கிறது என்று வீடே சேர்ந்து யோசிக்கும். ஆனாலும் அந்த மாதம் மெமோ வரவில்லை. கோழிக்கூட்டுக்குக் கூரைகூட வந்துவிட்டது!

தபீதாள் மட்டும் மசியவில்லை. "இங்கிலீஷ்ல ஒரு பேரு வச்சுட்டா எல்லாம் சரியாப் போச்சா? மிக்ஸி ஞாபகம் இருந்துச்சு, நான் ஞாபகம் இல்ல. அதுதான் வியாதியா?" என்று ஒரே ஒரு தடவை பியூலாவிடம் கேட்டாள். அதோடு சரி. சாப்பாட்டுத் தட்டை அண்ணன் முன்னால் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். டாக்டர் சொன்ன வியாதியைவிட அதுதான் அசரியாவைக் கொன்றது.

ஈஸ்டர் கழிந்தது. ஏசுபாதம் சொன்ன ஞாயிறுக்கு முந்தின நாள், அசரியா புது ஓலை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரியவர்தான் கொண்டுபோக வேண்டும், வேறு வழியில்லை. "நானும் வர்றேன்" என்று தபீதாள் செருப்பை மாட்டிக்கொண்டாள். பாசத்தால் அல்ல, நம்பிக்கை இல்லாததால். அது அவருக்கும் தெரிந்தது.

வாசலில் அசரியா நின்றார். ஒரு கையில் ஓலை. இன்னொரு கையை அவளிடம் நீட்டினார்.

"தபீ, என் மணிக்கட்டப் பிடிச்சுக்கோ. இறுக்கிப் பிடி."

அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நரை விழுந்த மனிதர் தெருவில் இப்படிக் கேட்கிறாரே என்று கூசிக்கொண்டேதான் பிடித்தாள். இரண்டு பேரும் நடந்தார்கள். கல்யாணத்துக்கு என்ன சாப்பாடு போடலாம் என்று அவர் பேசிக்கொண்டு வந்தார். "மட்டன் வாங்கப் பல்லாவரத்துக்குப் போனா—"

"சார்!" என்றார் ஏகநாதன், தன் வீட்டு வாசலிலிருந்து. "புது டிவி வாங்கிக்கீறேன் சார். படமே வர்ல, ஒரே புள்ளி புள்ளியா கீது. இன்னான்னு பாரேன்."

"ஆன்டெனா எந்தப் பக்கம் பாத்து வச்சிருக்கீங்க?" என்று அசரியா கேட்டார். மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார். கம்பி சாய்ந்திருந்தது. அதைக் கொஞ்சம் கிழக்கே திருப்பி, ஒயரையும் மாற்றிப் போட்டால் போதும். எந்த ஒயர் என்று சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு மணிக்கட்டில் சுரீரென்று வலித்தது.

திரும்பினார். தபீதாள் நின்றிருந்தாள். நகம் பதிகிற மாதிரி அவர் கையைப் பிடித்திருந்தாள். பேயறைந்தவளைப் போல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தபீ?" என்றார் அவர். "ஓலையத்தான் கொடுத்துட்டோமே?"

அவள் அவருடைய சட்டைப் பாக்கெட்டைக் காட்டினாள். மடித்த ஓலையின் நுனி வெளியே தெரிந்தது. அதை எப்போது உள்ளே வைத்தார் என்று அவருக்குத் தெரியாது. தெருவின் நடுவிலேயே அதை வெளியே எடுத்தார்.

"இன்னும் கொடுக்கலண்ணா" என்றாள் தபீதாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. "நான் கையப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போதே எங்கயோ போயிட்டீங்க. என் கல்யாணத்தப் பத்திப் பேசிக்கிட்டே போயிட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." பிறகு ஏகநாதனிடம், "நாளைக்கு வருவாருங்க, இப்ப முடியாது" என்று சொல்லிவிட்டு அண்ணனை இழுத்துக்கொண்டு நடந்தாள். ரோட்டைத் தாண்டும்போதும் பிடியை விடவில்லை.

போதகர் வீட்டு வராந்தாவில் தேவானந்தம் ஓலையைக் கையில் வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். இதே காட்சியைத்தானே அசரியா அன்றும் பார்த்தார்?

"ஐயா, வாங்கிக்கிட்டீங்களா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"வாங்கிக்கிட்டேன், அசரியா."

அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெறுங்கையை விரித்துப் பார்த்தார், பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார், பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"கொடுத்துட்டீங்கண்ணா" என்றாள் தபீதாள். "நான் பாத்தேன்."